மாமா பாட்டிலில் இறங்கிய போர்னனோன்

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பதில் கிடைத்த மாதிரி தோன்றிவிட்டால், கேள்வியின் மீதியைப் படிக்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் இதனால் அவ்வப்போது இரண்டு மூன்று மார்க் போனது. வேலைக்கு வந்த பிறகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் அக்கா வீட்டுக்காரரின் கம்பெனியே போகப் பார்த்தது.

எங்கள் ஊர் விருத்தாசலம். பீங்கான் கப்பு, அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை, கொலு பொம்மை என்று ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒன்றைச் சூளையில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். நான் வேலை பார்த்த லேபும் பீங்கானை நம்பி ஆரம்பித்ததுதான். பீங்கான் கோப்பையில் வினிகர் கலந்த தண்ணீரை ஊற்றி ஒரு நாள் முழுக்க வைத்து, மேல்பூச்சிலிருந்து ஈயம் இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்வோம். பிறகு மேடம் (லேபின் முதலாளி, மேனேஜர், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறவர், எல்லாம் அவரே) ஒரு பெரிய மெஷினை வாங்கிப் போட்டு, மருந்து பாட்டில் பரிசோதனையையும் எடுத்துக்கொண்டார். அதற்காகச் சேர்க்கப்பட்டவள் நான்.

பாட்டிலில் பரிசோதிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். என் அம்மாவும் கேட்டார். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்தால் சாம்பாரில் ஒரு பை வாசனை வருமே, மருந்தில் அப்படி ஏதாவது இறங்குகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று சொன்னேன். "அதுக்கு எதுக்குடி எம்எஸ்ஸி? மோந்து பார்த்தாலே தெரியுமே" என்றார் அம்மா. (இந்த வாக்கியத்தை அன்றைக்கே பிரேம் போட்டு லேபில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை. சிரித்தேன்.)

இதில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் பாட்டிலைத் துண்டு துண்டாக நறுக்கி, கடுமையான திரவத்தில் போட்டுச் சூடாக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் கசக்கி எடுப்போம். அப்படி வருவது எக்ஸ்ட்ராக்டபிள். அடுத்து, பாட்டிலில் மருந்தை ஊற்றி மூடி, நாள் கணக்கில் சும்மா வைத்து, தானாக என்ன இறங்குகிறது என்று பார்ப்போம். அது லீச்சபிள். போலீஸ் ஸ்டேஷனில் அடித்துக் கேட்டுச் சொல்ல வைப்பது முதல் வகை. வீட்டில் உட்கார்ந்து தானாக உளறுவது இரண்டாம் வகை. அடித்துக் கேட்டபோதே வாயில் வராத விஷயம் தானாக உளறும்போது வருவது ரொம்ப அபூர்வம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். செராமிக் எஸ்டேட்டின் கடைசித் தெருவில், அகல் விளக்கு கம்பெனிக்கும் ஃபியூஸ் கட்டை கம்பெனிக்கும் நடுவில், அவருடைய பிளாஸ்டிக் யூனிட் இருந்தது. தண்ணீர் கேனுக்கு மூடி செய்துகொண்டிருந்தவர், கண்ணில் விடுகிற சொட்டு மருந்துக்குக் குட்டி பாட்டில் செய்யலாம் என்று இறங்கினார். மருந்து பாட்டில் என்றால் தூசு கூடாது, தலைக்குத் தொப்பி, வாய்க்கு மாஸ்க், காலுக்கு உறை என்று ஆயிரத்தெட்டுச் சட்டம். எல்லாவற்றையும் செய்தார். மங்கலம்பேட்டைப் பக்கத்திலிருந்து எட்டுப் பெண்களை வேலைக்கு எடுத்தார். ஒரு மருந்து கம்பெனியின் முதல் ஆர்டர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பாட்டில் பரிசோதனையில் தேறினால் ஆர்டர் நிரந்தரம். தேறாவிட்டால் யூனிட்டைப் பூட்ட வேண்டியதுதான். அந்தப் பரிசோதனைக்கு மருந்து கம்பெனி எங்கள் லேபைத் தேர்ந்தெடுத்தது.

மேடம் என்னைக் கூப்பிட்டார். "மஞ்சு, இது உங்க மாமா பாட்டிலு. உனக்கு ஒரு மாதிரி இருக்கும்னா சொல்லு, நானே பார்த்துக்கிறேன்."

"உறவு வேற, வேலை வேற மேடம்" என்றேன் நான். "நான் செய்யறேன். கடைசியில நீங்க சரிபார்த்தா போதும்."

(அப்போது என் வயது இருபத்து நான்கு. நேர்மை என்றால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வது என்று நினைத்திருந்த காலம்.)

அடித்துக் கேட்கிற கட்டத்தில் மாமாவின் பாட்டில் ஜம்மென்று தேறியது. இருக்க வேண்டியதைத் தவிர ஒன்றும் வரவில்லை. அடுத்து, மருந்து ஊற்றிய பாட்டில்களை சேம்பருக்குள் வைத்தோம். சேம்பர் என்பது பார்க்க ஃப்ரிட்ஜ் மாதிரி இருக்கும். உள்ளே மட்டும் எப்போதும் சித்திரை மாதம். ஒரு தட்டில் மாமாவின் பிளாஸ்டிக் பாட்டில்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு தட்டில் அதே மருந்து ஊற்றிய கண்ணாடிக் குப்பிகள். கதவை மூடிவிட்டால், குறித்த நாள் வரைக்கும் திறக்க வேண்டியதில்லை. சூடு எவ்வளவு என்பதை வெளியே இருக்கிற எண்ணைப் பார்த்து நோட்டில் எழுதினால் போதும்.

வைத்த மூன்றாம் நாள் ஆயுத பூஜை வந்தது.

லேபில் பூஜைப் பொறுப்பு என்னுடையது. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து, சூடம் ஏற்றக் கிளம்பியபோது மேடம் ஓடி வந்தார்.

"ஏம்மா, தீப்புடிக்கிற சால்வென்ட் பாட்டிலு அவ்ளோ இருக்குது, இங்க நெருப்பு காட்டுவியா? சூடம்லாம் ஏத்தக் கூடாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏத்தாம சும்மா வைக்கட்டுமா மேடம்?"

மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். "சும்மா வைக்கிறதுல என்னா இருக்குது. வை."

வைத்தேன். ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒரு வெற்றிலை, அதன் மேல் ஒரு சூடம். சேம்பர் மட்டும் அந்த வருடம் முழுக்க ரிப்பேராகி ரிப்பேராகி எங்கள் உயிரை வாங்கியிருந்தது. அதிகமாகத் தொல்லை கொடுத்த மெஷினுக்கு அதிகமாகச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதன் தலையில் வைத்தால் அதிர்வில் உருண்டு விழுகிறது. ஆகவே கதவைத் திறந்து, அடித்தட்டின் மூலையில், வெற்றிலையோடு நான்கு சூடத்தை உள்ளேயே வைத்துக் கும்பிட்டு மூடினேன். மறுநாள் காலை எல்லா மெஷின் தலையிலிருந்தும் பொறுப்பாகச் சூடத்தை எடுத்து டப்பாவில் போட்டேன். தலையில் இருந்ததை மட்டும்.

ஒரு மாதம் போனது. பாட்டில்களை எடுத்துப் பார்க்க வேண்டிய நாளில் எனக்குக் கடும் ஜலதோஷம். மூக்கு இருப்பது கண்ணாடியில் பார்த்தால்தான் தெரியும் என்கிற நிலைமை. நெற்றி, மூக்கு, கழுத்து என்று தைலத்தை அப்பிக்கொண்டு லேபுக்குப் போயிருந்தேன். சேம்பரைத் திறந்து, மேல்தட்டுகளில் இருந்த பாட்டில்களை மட்டும் எடுத்து மூடினேன். தங்கை வீட்டுக் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மேடம் அந்தப் பக்கமாக வந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னாம்மா இவ்ளோ வாசனை, தைலமா?"

"ஆமா மேடம், சளி."

"ஒடம்பைப் பார்த்துக்க. போயிட்டு வரேன்" என்று வேப்பூர் வழி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். உண்மை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. நாங்கள்தான் கவனிக்கவில்லை.

மெஷினில் மருந்தைச் செலுத்தினேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடும். மருந்தில் ஏதாவது பொருள் கலந்திருந்தால் கோடு அந்த இடத்தில் கூம்பாக எழும்பும். அதை பீக் என்போம். கண்ணாடிக் குப்பியில் இருந்த மருந்துக்குக் கோடு படுத்த படுக்கையாகப் போனது. மாமாவின் பாட்டிலில் இருந்த மருந்துக்கு, நடுவில் ஒரு பீக் திரையின் உச்சி வரைக்கும் போய் முட்டியது. மறுபடி செலுத்தினேன். மறுபடி முட்டியது. எந்த பாட்டிலை எடுத்தாலும் முட்டியது.

அது என்ன பொருள் என்று மெஷினே ஒரு பெயரை யூகித்துச் சொல்லும். அது சொன்ன பெயர், டூ-போர்னனோன். நான் அந்தப் பெயரைப் படித்ததாக ஞாபகம் இல்லை. (எம்எஸ்ஸியில் படித்திருக்கிறேன். பரீட்சைக்குப் பத்து மார்க் கேள்வியாக எழுதியே இருக்கிறேன். வேறு பெயரில்.) போனில் தேடினேன். ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்தது. தலைப்பைப் பார்க்காமலே கீழே தள்ளிக்கொண்டு போனேன். நடுவில், பழைய காலத்தில் பிளாஸ்டிக்கை இளக்குவதற்கு இது சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. பிளாஸ்டிக் என்ற வார்த்தையைப் பார்த்ததும் போனை மூடிவிட்டேன். பதில் கிடைத்துவிட்டதே.

கண்ணாடி சுத்தம். பிளாஸ்டிக்கில் மட்டும் தப்பு. பிளாஸ்டிக்கில் சேர்க்கிற பொருள். இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்த மாதிரி ஏதாவது வந்தால் ஒரு நாளுக்குள் மருந்து கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. மேடத்துக்குப் போன் போட்டேன். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தம். "பீக்கு வந்திருக்குன்னு மட்டும் மெயில் போடு, மத்ததை வந்து பார்த்துக்கலாம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. நான் பீக் வந்திருக்கிறது என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இது பாட்டில் தயாரிப்பாளர் சேர்த்த பொருளிலிருந்து இறங்கியதாகத் தெரிகிறது" என்று ஒரு வரியையும் சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. சொந்த மாமா என்றும் பார்க்காமல் எழுதுகிறேன் பார் என்று எனக்கே என்னைப் பார்த்துப் புல்லரித்தது.

மறுநாள் மருந்து கம்பெனி மாமாவின் ஆர்டரை நிறுத்தி வைத்தது. மாமா எட்டுப் பெண்களிடமும் "சொல்லி அனுப்புறேம்மா" என்று வீட்டுக்கு அனுப்பினார். அக்கா போன் செய்தாள்.

"நீதான் எழுதுனியா?"

"ஆமாக்கா. வேலைன்னு வந்துட்டா..."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிலிருந்து மீன் குழம்பு வரவில்லை. அக்காவுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறாத குழம்பு அது. அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

இதற்குப் பிறகுதான் எனக்குச் சந்தேகமே வந்தது. அடித்துக் கேட்டபோது சொல்லாத பாட்டில் இப்போது ஏன் உளறுகிறது? மாமாவின் புதுப் பாட்டில்களை நறுக்கி மறுபடி சூடாக்கினேன். போர்னனோன் இல்லை. மூடியை வேக வைத்தேன், இல்லை. சொட்டு விழுகிற மூக்கு, லேபிள், லேபிள் பசை, பாட்டில் வந்த அட்டைப் பெட்டி, ஒன்று விடாமல் வேக வைத்தேன். எதிலும் இல்லை. மாமாவின் யூனிட்டுக்கே போய்ப் பிளாஸ்டிக் குருணையைக் கேட்டு வாங்கி வந்தேன். மாமா தலையில் தொப்பியோடு, ஓடாத மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்காமல் அள்ளிக் கொடுத்தார். அதிலும் இல்லை. எங்கிருந்தும் வராத ஒரு பொருள் எல்லா பாட்டிலுக்குள்ளும் இருந்தது. ராத்திரி தூக்கத்தில் போர்னனோன், போர்னனோன் என்று நான் புலம்பியதாகவும், அது யாரோ வடநாட்டுப் பையன் என்று நினைத்து அம்மா இரண்டு நாள் கவலைப்பட்டதாகவும் பிறகு தெரிய வந்தது.

மேடம் ஊரிலிருந்து திரும்பிய அன்று மாமா லேபுக்கு வந்தார். சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க, உக்காருங்க" என்றார் மேடம்.

"இருக்கட்டுங்க. மஞ்சுகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, என் பாட்டில்ல என்னாமோ இருக்குதுன்னு எழுதியிருக்கியே, அது பேரு என்னா?"

"டூ-போர்னனோன் மாமா."

"நான் பிளஸ் டூ வரைக்குந்தான் படிச்சேன். தமிழ்ல அது பேரு என்னா?"

"கெமிக்கல் பேரு மாமா, அதுக்கெல்லாம் தமிழ்ல..."

"இருக்கும் பாரு. நான் கடையில வாங்கித்தான போட்டிருக்கணும்? கடைக்காரன் போர்னனோன்னு சொல்லியா விப்பான். அவன் என்னா பேரு சொன்னான்னு தெரிஞ்சா, வாங்குனேனா இல்லியான்னு நான் சொல்லிடுவேன். தப்பு என் மேலன்னா ஒத்துக்கறேன்."

கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வீறாப்பு விடவில்லை. நிரூபிக்கிறேன் பார் என்று போனை எடுத்துத் தேடி, பாதியில் மூடிய அதே பக்கத்தை மறுபடி திறந்தேன். தமிழில் பார்க்க என்று ஓரத்தில் இருந்ததை அழுத்தினேன். சுற்றிச் சுற்றி யோசித்துவிட்டு, பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், ஒரே ஒரு வார்த்தையைக் காட்டியது.

கற்பூரம்.

எனக்கு முதலில் புரியவில்லை. போன் தப்பாக மொழிபெயர்த்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாமா எட்டிப் பார்த்துப் படித்தார்.

"கற்பூரம்னா... சூடமா?" என்றார். "நான் எதுக்கும்மா பாட்டில்ல சூடத்தைப் போடறேன்?"

மேடம் மெதுவாகச் சேம்பர் பக்கம் திரும்பினார். அவர் திரும்பியதைப் பார்த்து நானும் திரும்பினேன்.

கதவைத் திறந்தார். மூக்கு சரியாகியிருந்த எனக்கும், மேடத்துக்கும், வாசலில் நின்ற மாமாவுக்கும் ஒரே சமயத்தில் அடித்தது அந்த வாசனை. கோயில் கருவறை வாசலில் நிற்கிற மாதிரி. அடித்தட்டின் மூலையில் ஒரு வெற்றிலை அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. நடுவில் குங்குமம். மேலே நான் வைத்த நான்கு சூடம் இருந்த இடத்தில் ஒரு பொடிகூட இல்லை.

சூடம் கரைய நெருப்பு தேவையில்லை. வெறும் சூடு போதும். காற்றாகிப் போய்விடும். அந்தக் காற்று கண்ணாடிக்குள் நுழைய முடியாது. கண் மருந்து பாட்டில், விரலால் அமுக்கினால் அமுங்க வேண்டும் என்பதற்காக மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்தது. அதன் சுவர் வழியாகப் புகுந்துவிடும். ஆக, பாட்டிலிலிருந்து எதுவும் மருந்துக்குள் இறங்கவில்லை. நான் வைத்ததுதான் பாட்டிலுக்குள் ஏறியிருக்கிறது. இவ்வளவையும் மேடம் மாமாவுக்குப் பொறுமையாக விளக்கினார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா கேட்டு முடித்தார். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"ஏத்தவே இல்லியா?" என்றார் என்னிடம்.

"இல்ல மாமா. சும்மாதான் வச்சேன்."

"ஏத்தாமலே என் கம்பெனியக் கொளுத்திட்டியேம்மா" என்றார்.

நான் அழுதுவிட்டேன். அவர் திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

இனிமேல்தான் பெரிய கண்டம். மருந்து கம்பெனிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் மூல காரணம் என்று ஒரு கட்டம். சுற்றி வளைத்து, வெளிப்புற ஆவிப்பொருள் என்று எழுதிப் பார்த்தேன். மேடம் அடித்துவிட்டார். "மாமா பேரை எழுதும்போது பளிச்சுனு எழுதுனல்ல. உன் பேரையும் அப்படியே எழுது." எழுதினேன். ஆயுத பூஜையன்று பரிசோதகர் சேம்பருக்குள் வைத்த கற்பூரம், எண்ணிக்கை நான்கு. மருந்து கம்பெனியின் தர அதிகாரி போன் செய்தார். "எங்க லேபுலயும் ஒருதடவை தேங்காய் உடைச்சு ஒரு மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும்.

சேம்பரைக் கழுவிக் காயவைத்து, புதுப் பாட்டில்களை வைத்து மறுபடி பார்த்தோம். கோடு படுத்த படுக்கையாகப் போனது. ஆர்டர் திரும்பி வந்தது. நான் யூனிட்டுக்குப் போய், எட்டுப் பெண்களிடமும் உங்கள் வேலை நின்றதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். அவர்களில் மூத்தவரான நூர்ஜஹான் அக்கா தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "சாமிக்கு வச்சதுதானம்மா, விடு. அடுத்த வருஷம் வெளியில வை" என்றார். அடுத்த ஞாயிறு மீன் குழம்பு வந்தது. கிண்ணத்தைக் கொடுக்கும்போது அக்கா, "மோந்து பார்த்துட்டுச் சாப்புடு" என்றாள்.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம் ஆகிறது. நடுவில் பெண்ணாடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு எப்படி, சொன்னாப் புரிஞ்சுக்குமா?" என்று மாமாவைத்தான் கேட்டார். மாமா முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார். "எங்க மஞ்சுவுக்குக் கற்பூர புத்திங்க."

உள்ளே அக்கா காபி டம்ளரைக் கீழே போட்டாள். அம்மா இருமினார். வந்தவர்களுக்கு ரொம்ப சந்தோஷம். அங்கேயே நிச்சயம் பேசிவிட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு நான் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. அதனால் பெண்ணாடத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் நடுவில் என்னை நிறுத்தி, "எங்க மருமவளுக்குக் கற்பூர புத்தி. எதுவா இருந்தாலும் டக்குனு புடிச்சிரும்" என்று பெருமையாகச் சொல்கிறார். மாமா பக்கத்தில் இருந்தால் போதும், மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஒவ்வொரு தடவையும் இதையும் சேர்த்துக்கொள்கிறார்:

"ஆமாங்க, டக்குனு புடிச்சிரும். என்னா, ஆளைத்தான் மாத்திப் புடிச்சிரும்."